எட்டு என்று எழுதி ஆறைக் கொடுப்பது

எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததிலிருந்து உயர்கல்விக்கூடங்களில் பதிவு தொடங்கும்வரை உள்ள சில மாதங்களை எங்கள் குடும்பத்தில் 'மடிக்கணினிக் காலம்' என்றே சொல்லலாம். நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக, சித்தப்பா வீட்டிலிருந்தும் அத்தை வீட்டிலிருந்தும் கடை விளம்பரங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது நல்லதா தம்பி? பிள்ளைக்கு மூணு வருசம் தாங்குமா?"

விளம்பரத்தில் நான் முதலில் தேடுவது விலையை அல்ல. 'ரேம் 8 ஜிபி' என்று சிறிய எழுத்தில் இருக்கும் வரியைத்தான். அந்த வரி பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த எட்டில் எவ்வளவு நமக்கு, எவ்வளவு திரைப்படங்களைத் தீட்டும் வரைகலைப் பகுதிக்கு என்பதையும் அது சொல்வதில்லை. சில மடிக்கணினிகளில் கணினியை முதன்முதலாகத் திறக்கும்போதே எட்டில் இரண்டு போய்விட்டிருக்கும். இதைப் பற்றிக் கடைக்காரரும் பேசுவதில்லை, பாடத்திலும் வருவதில்லை. இது நம் பெற்றோரின் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் வீடுகளில் 'மெமரி' என்றால், கைப்பேசியில் படங்கள் நிறைந்துவிட்டன என்று அம்மா குறைப்பட்டுக்கொள்ளும் இடம். அது உண்மையில் சேமிப்பகம். மலாய்ப் பாடநூலில் 'ஸ்தோரான்' என்று படித்தோமே, அது. ரேம் என்பது நினைவகம், 'இங்காத்தான்'. இரண்டு மொழியிலும் இரண்டு தனிச் சொற்கள் இருந்தும், கடையில் நிற்கும்போது எல்லாம் ஒரே 'மெமரி' ஆகிவிடுகிறது. 512 ஜிபி என்ற பெரிய எண்ணைக் கண்டு மகிழ்ந்து, 8 ஜிபி என்ற சின்ன எண்ணை யாரும் கவனிப்பதில்லை. சேமிப்பகம் என்பது புத்தக அலமாரி. நினைவகம் என்பது நீங்கள் உட்கார்ந்து எழுதும் மேசை. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேசையில் விரித்து வைக்க இடமில்லை என்றால் வேலை நடக்காது.

இனி அந்த மேசையில் நம்மோடு உட்காரும் இன்னொருவரைப் பற்றி.

கணினித் திரையில் தெரிவதையெல்லாம் தீட்டுவதற்கு ஒரு வரைகலைப் பகுதி தேவை. விலை கூடிய விளையாட்டுக் கணினிகளில் அது தனிச் சில்லாக, தனக்கென்று சொந்த நினைவகத்தோடு வரும். மாணவர்கள் வாங்கும் பெரும்பாலான மடிக்கணினிகளில் அது மையச் செயலகத்துக்குள்ளேயே இருக்கும். சொந்த நினைவகம் கிடையாது. ஆகவே நம் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் பகிர்வு நினைவகம் என்கிறோம்.

எடுத்துக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் வகை, கணினி விழித்தெழும் நொடியிலேயே பயாஸ் ஒரு பகுதியை வெட்டி வரைகலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. அந்தப் பகுதி விண்டோஸின் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் ஒரு வேர்ட் கோப்பை மட்டும் திறந்து வைத்திருந்தாலும் அது திரும்பி வராது. இரண்டாவது வகை, தேவைப்படும்போது எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது. அதற்கு ஓர் உச்சவரம்பு மட்டும் இருக்கும். விண்டோஸில் வழக்கமாக அது மொத்த ரேமில் பாதி.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு பக்கத்தில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' என்ற இடத்தில் 7.9 ஜிபி என்று பார்த்துவிட்டு, "என் 16 ஜிபியில் பாதியை யாரோ எடுத்துக்கொண்டார்கள்!" என்று பதறிய வகுப்புத் தோழர்கள் எனக்கு இருக்கிறார்கள். பதற வேண்டாம். அது வங்கி தரும் கடன் வரம்பு மாதிரி. வரம்பு இருப்பதாலேயே கடன் வாங்கிவிட்டதாக ஆகாது. பதற வேண்டியது முதல் வகையைப் பார்த்துத்தான். விண்டோஸ் அமைப்புகளில் 'சிஸ்டம்' சென்று, 'அபவுட்' பக்கத்தைத் திறந்தால், நிறுவப்பட்ட ரேம் 8 ஜிபி என்று இருக்கும். அதன் பக்கத்தில் பயன்படுத்தக்கூடியது எவ்வளவு என்று இன்னோர் எண் இருக்கும். இன்டெல் மையச் செயலகம் உள்ள கணினிகளில் வழக்கமாக முன்கூட்டியே வெட்டுவது குறைவு என்பதால், இரண்டு எண்ணும் நெருக்கமாக இருக்கும். ஏஎம்டி கணினிகளில் 512 எம்பியும் வெட்டுவார்கள், சில மாதிரிகளில் 2 ஜிபியும் வெட்டுவார்கள். 2 ஜிபி வெட்டிய கணினியில் அந்த இரண்டாவது எண் 5.9 என்று நிற்கும்.

ஏன் 2 ஜிபி? கேடுகெட்ட எண்ணத்தோடு செய்வதல்ல. சில கணினி விளையாட்டுகளும் மென்பொருள்களும் தொடங்கும்போதே 'தனி வரைகலை நினைவகம்' எவ்வளவு என்று கேட்கும்; குறைவாக இருந்தால் ஓட மறுக்கும் அல்லது எச்சரிக்கை காட்டும். அவற்றைத் திருப்திப்படுத்த ஆலையிலேயே பெரிதாக வெட்டி அனுப்புகிறார்கள். 16 ஜிபி கணினியில் அது பெரிய நட்டமில்லை. 8 ஜிபி கணினியில் கணக்கியல் படிக்கப்போகும் ஒரு பிள்ளைக்கு, அவள் விளையாடவே போகாத விளையாட்டுக்காக மேசையில் கால்வாசியை ஒதுக்கி வைத்ததுபோல ஆகிறது.

இந்த இடத்தில் பகிர்வு நினைவகமே ஒரு மோசடி என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு நல்ல வடிவமைப்பு. 1996இல் சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஓ2 என்ற பணிநிலையக் கணினியை வெளியிட்டது. வரைகலையையே தொழிலாகக் கொண்டவர்களுக்காகச் செய்யப்பட்ட கணினி அது. அதிலேயே எல்லாவற்றுக்கும் ஒரே நினைவகம்தான். மலிவுக் கணினிகளுக்கு அந்த ஏற்பாட்டைப் பரவலாகக் கொண்டுவந்ததில் 1999இல் வந்த இன்டெல் 810 சில்லுத் தொகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. தனி வரைகலை அட்டைக்குப் பணம் இல்லாத வீடுகளுக்கும் கணினி போய்ச் சேர்ந்ததற்கு அது ஒரு காரணம்.

விளையாட்டுப் பெட்டிகளின் கதை இன்னும் சுவையானது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் 512 எம்பி நினைவகம், எல்லாருக்கும் பொது. அடுத்த ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 3இலும் மொத்தம் அதே 512 எம்பிதான். ஆனால் மையச் செயலகத்துக்கு 256, வரைகலைக்கு 256 என்று நடுவில் சுவர் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் காலியாகக் கிடந்தாலும் மறுபக்கம் அதைத் தன் சொந்த இடம்போல எளிதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது சோனி சுவரை இடித்துவிட்டு 8 ஜிபியையும் பொதுவாக வைத்தது. ஆப்பிள் 2020இல் எம்1 சில்லுடன் செய்ததும் இந்த வழிதான். ஒரே படத்தை இங்கிருந்து அங்கே நகலெடுக்க வேண்டியதில்லை என்பதால் வேகமும் கூடுகிறது, மின்கலமும் மிச்சமாகிறது.

ஆகவே பகிர்வது தப்பில்லை. போதுமான அளவு கொடுக்காமல் பகிரச் சொல்வதும், பகிர்கிறோம் என்பதைச் சொல்லாமல் விற்பதும்தான் என் சண்டை. கூட்டுக்குடும்பம் நல்லதுதான், அதற்காக ஓர் அறையில் பத்துப் பேரைப் படுக்க வைத்துவிட்டுப் பெருமை பேச முடியுமா?

ஆப்பிளே இதற்கு நல்ல சாட்சி. 2023 நவம்பரில், 8 ஜிபியோடு வந்த மேக்புக் புரோவைப் பற்றிக் கேட்டபோது, அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் துறைத் துணைத் தலைவர்களில் ஒருவரான பாப் போர்ச்சர்ஸ், தங்கள் கணினியில் 8 ஜிபி என்பது மற்றவற்றில் 16 ஜிபிக்குச் சமமாக இருக்கலாம் என்ற கருத்தில் பதில் சொன்னார். சேமித்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வரைகலையும் அதே எட்டிலிருந்துதான் எடுக்கிறது என்பதும் உண்மை. ஓராண்டு கழிவதற்குள், 2024 அக்டோபரில், மேக்புக் ஏர் கணினிகளின் அடிப்படை அளவையே 16 ஆக உயர்த்திவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் 'கோபைலட் பிளஸ்' கணினிகளுக்கு 16 ஜிபி கட்டாயம் என்று அறிவித்திருந்தது. 2024இல் பெரிய நிறுவனங்கள் இரண்டும் இப்படி 16க்குப் போயின. நம் ஊர்க் கடைகளில் மாணவர் சலுகை என்று அடுக்கி வைத்திருப்பதில் மட்டும் இன்னும் எட்டு.

என் தோழி ஒருத்தி போலிடெக்னிக்கில் வரைகலை வடிவமைப்பு டிப்ளோமா படித்தாள். அவள் அம்மா மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் வேலை செய்பவர். மிகைநேர வேலை பார்த்துச் சேர்த்த பணமும் கொஞ்சம் தவணையுமாக, ஏறக்குறைய 2,300 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். எட்டு போதுமா என்று அந்த அம்மா கடையில் கேட்கத்தான் செய்தார். "சுக்குப், சுக்குப்" என்றுதான் பதில் வந்தது.

முதல் இரண்டு பருவம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் பருவத்தில் முப்பரிமாணக் காட்சி அமைக்கும் பாடம் வந்ததும் கணினி திணறத் தொடங்கியது. சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி சற்று நேரம் கழித்து நகரும். மென்பொருள் பாதியில் மூடிக்கொள்ளும். நச்சுநிரலாக இருக்கும் என்று யாரோ சொல்ல, 80 வெள்ளி கொடுத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவி வாங்கினாள். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே கதை. ரேமைக் கூட்டிக்கொள்ளலாம் என்று இன்னொரு கடைக்குக் கொண்டுபோனபோதுதான், அதில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது, செருக இடமே இல்லை என்று தெரிந்தது. எனக்குப் படம் பிடித்து அனுப்பினாள். 8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 5.9. விண்டோஸும் அதோடு தானாக எழுந்துவரும் செயலிகளும் மட்டுமே 3 ஜிபிக்கு மேல் எடுத்திருந்தன. மீதி இருந்த இடத்தில் உலாவி, பாடக் காணொளி, முப்பரிமாண மென்பொருள் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பயாஸில் அந்த 2 ஜிபியைக் குறைக்கும் வாய்ப்பைத் தேடினோம்; அந்த மாதிரியில் அதை மறைத்து வைத்திருந்தார்கள்.

இடம் போதாதபோது கணினி என்ன செய்யும்? மேசையில் இருப்பதை அள்ளிக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடியும் எடுத்துவரும். எஸ்எஸ்டி வேகமானதுதான், ஆனாலும் ரேமிலிருந்து ஒரு தகவலை எட்டிப் பிடிப்பதோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவு. அம்புக்குறி திணறியது அதனால்தான். அவளுடைய திறமைக் குறைவாலோ நச்சுநிரலாலோ அல்ல. கடைசிப் பருவம் முழுவதும் கல்லூரிக் கணினிக்கூடத்தில் இடம் பிடித்து வேலையை முடித்தாள். தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

இதைச் சொன்னால் சிலர் உடனே, "அதனால்தான் கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறோம்" என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கணக்கியல், சட்டம், ஆசிரியர் பயிற்சி போகும் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டரைக் கிலோ எடையில், இரண்டு மணி நேரத்தில் மின்சாரம் தேடும் கணினி எதற்கு? தனி வரைகலைச் சில்லுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ரேமுக்குக் கொடுத்தாலே போதும். அதிலும், 4 ஜிபி தனி வரைகலை நினைவகம் என்று பெருமையாக ஒட்டிவிட்டு, மையச் செயலகத்துக்கு 8 ஜிபி மட்டும் வைத்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன். உலாவியில் முப்பது தாவல்களைத் திறப்பவருக்கு அந்த நாலு எந்த உதவிக்கும் வராது. பிளேஸ்டேஷன் 3இன் சுவர்தான் அது.

இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியவர்களுக்கு நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைத் தொடுங்கள். கீழே 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்று இருப்பதுதான் முன்கூட்டியே வெட்டப்பட்டது. அதே இடத்தில் ரேமின் வடிவம் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் பற்றவைத்தது என்று பொருள். வெட்டப்பட்டது ஒன்று, இரண்டு ஜிபி என்று பெரிதாக இருந்தால், பயாஸில் 'யுஎம்ஏ ஃபிரேம் பஃபர்' என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, விளையாட்டோ முப்பரிமாண வேலையோ செய்யாதவர் என்றால், 512 எம்பிக்குக் குறைக்கலாம். வரைகலைக்குத் தேவை வந்தால் இரண்டாவது வழியில் கேட்டு வாங்கிக்கொள்ளும். பயாஸில் மற்றவற்றைத் தொடாதீர்கள். பயமாக இருந்தால் தெரிந்த அண்ணனையோ அக்காவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலாவிதான் பெரிய தின்னி. திரையில் தெரியும் ஒரு முழுப் படத்துக்கு உண்மையில் அதிக இடம் வேண்டாம். 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையில், புள்ளிக்கு 4 பைட் வீதம் பார்த்தால், 8.3 எம்பிதான். ஆனால் உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் பல அடுக்குகளாகத் தீட்டி வைத்துக்கொள்கிறது; காணொளி என்றால் அடுத்தடுத்த சட்டங்களையும் விரித்து வைத்துக்கொள்கிறது. குரோமில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் அழுத்தினால் அதற்கென்று ஒரு தனி டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஜிபியு பிராசஸ்' என்ற வரி எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். குரோமின் 'மெமரி சேவர்', எட்ஜின் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' இரண்டும் உண்மையிலேயே பயன்தருபவை. விளம்பரத்தில் வரும் 'ரேம் பூஸ்டர்' செயலிகள் அப்படியல்ல. அவை தாமே ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை எழுப்பிவிடுபவை. வன்பொருள் முடுக்கத்தை அணைத்துவிடு என்றும் சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. அணைத்தால் வரைகலை எடுப்பது குறையும். ஆனால் அந்த வேலை முழுதும் மையச் செயலகத்தின் தலையில் விழும், கணினி சூடாகும், கூகள் மீட்டில் விரிவுரையாளரின் முகம் உறைந்து நிற்கும். நான் அணைப்பதில்லை.

செருகுமிடம் இருக்கும் அதிர்ஷ்டசாலிகள், இன்னொரு ரேம் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் இரட்டை லாபம் உண்டு. அளவு கூடுவது ஒன்று. ஒற்றைப் பட்டையில் நொடிக்கு 25.6 ஜிபி போகும் டிடிஆர்4-3200 நினைவகம், இரண்டு பட்டைகள் சேர்ந்தால் 51.2 ஜிபி போகும் என்பது இன்னொன்று. ஒருவழிச் சாலையை இருவழியாக்குவது மாதிரி. சாதாரண எழுத்து வேலையில் அது தெரியாது. ரேமை நம்பியே வாழும் வரைகலைக்குத்தான் அந்த அகலம் உயிர்நாடி. ஒரே 8 ஜிபி பட்டையோடு விற்கப்படும் கணினியில் வரைகலை பாதி மூச்சில்தான் ஓடுகிறது என்று சொல்லலாம்.

இவ்வளவையும் ஒரு மாணவன் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து நேராகக் கடைக்கு வரும் ஓர் அம்மா ஏன் தெரிந்திருக்க வேண்டும்? குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது அவர் மின்சாரத்தைப் பற்றிப் படிக்கவா போகிறார்? அதன் கதவில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை ஒட்டியிருக்கிறது. ஐந்து நட்சத்திரமா, இரண்டு நட்சத்திரமா என்று பார்த்து முடிவெடுக்கிறார். மைலோ டின்னில்கூட எவ்வளவு சர்க்கரை என்று எழுதியிருக்கிறது. பல மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கும் மடிக்கணினியில் மட்டும் 'பயன்படுத்தக்கூடியது எவ்வளவு' என்று ஒரு வரி எழுத என்ன தடை?

நான் கேட்பது மூன்றே விவரங்கள். ஆலையிலிருந்து வரும்போது வரைகலைக்கு எவ்வளவு ரேம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? ரேம் பற்றவைத்ததா, மாற்றக்கூடியதா? மாற்றக்கூடியது என்றால் எத்தனை செருகுமிடங்கள், எதுவரை கூட்டலாம்? இந்த மூன்றும் தயாரிப்பாளருக்குத் தெரிந்தவை. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம்மிடம் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் இருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்று உரக்கக் கேட்கும் அமைப்புகளும் இருக்கின்றன. அவர்கள் இதுபோன்ற மின்னணு நுணுக்கங்களையும் கையில் எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னொரு பொறுப்பு உயர்கல்விக்கூடங்களுக்கு. புதிய மாணவர்களுக்கு அனுப்பும் பட்டியல்களில் 'குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம்' என்று எழுதிவிடுகிறார்கள். நான் பார்த்த பட்டியல்களில் எதுவும் ஒருங்கிணைந்த வரைகலை அதில் எவ்வளவை எடுக்கும் என்று குறிப்பிடவில்லை. கடைக்காரர் அந்தப் பட்டியலைத்தான் காட்டி, "பல்கலைக்கழகமே எட்டு போதும் என்கிறதே" என்கிறார். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட்டும்தான் எழுதி வைத்திருக்கிறது. 4 ஜிபியில் அதை ஓட்டிப் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குறைந்தபட்சம் என்பது திறக்கும் என்பதற்கு உத்தரவாதம். மூன்றாண்டுப் படிப்புக்கு அல்ல. வரைகலை, பொறியியல், கட்டடக்கலைத் துறைகளாவது பட்டியலை ஒரு முறை திருத்தி எழுதலாம். பெரிய செலவில்லாத வேலை.

விலை ஏறிவிடும் என்ற மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான், இப்போது முன்பைவிடவும் நியாயம். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' வணிகத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது. மூவாரிலும் பினாங்கிலும் அந்த நிறுவனத்துக்கு ஆலைகள் உண்டு. 1972 முதல் இன்டெல் பினாங்கில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் நம் உறவினர்கள் சோதித்து அனுப்பும் சில்லுகள் நம் பிள்ளைகளின் கணினிக்கு வருவதற்கு முன் ஏதோ ஒரு தரவு மையத்துக்குப் போகின்றன என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

விலை ஏறும்போது தயாரிப்பாளர்கள் 16இலிருந்து மறுபடி 8க்கு இறங்க ஆசைப்படுவார்கள். அதனால்தான் இந்த ஆண்டு அந்த ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. 16 வாங்க முடியாத குடும்பங்கள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். அவர்களுக்கு 8 ஜிபியை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செருகுமிடம் உள்ள 8 ஜிபியை இன்று வாங்கி, அடுத்த ஆண்டு கையில் காசு சேரும்போது கூட்டிக்கொள்ளலாம். அல்லது நல்ல நிலையிலுள்ள பழைய 16 ஜிபி அலுவலகக் கணினியை வாங்கலாம். லோ யாட் பக்கம் போனால் புதுப்பிக்கப்பட்டவை கிடைக்கின்றன, பளபளப்பு இருக்காது, அவ்வளவுதான். வருமான வரி கட்டும் பெற்றோர் என்றால், வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி விலக்கில் கணினியும் அடங்கும் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

கடையில் நிற்கும்போது காட்சிக்கு வைத்திருக்கும் கணினியைத் திறந்து, 'அபவுட்' பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அரை நிமிட வேலை. நான் அத்தை மகளுக்காகப் போன ஒரு கடையில் விற்பனையாளர் அந்தப் பக்கத்தை அதுவரை திறந்ததே இல்லை. 5.9 என்ற எண்ணைப் பார்த்ததும் அவரே இன்னொரு மாதிரியை எடுத்துவந்து, அதையும் திறந்து பார்த்து, 7.7 என்று வாசித்துக் காட்டினார். விலை 100 வெள்ளி மட்டும் கூட. அதில் ஒரு செருகுமிடம் காலியாகவும் இருந்தது.